நன்றியுரை போதும்

சில வாரங்களுக்கு முன் வெள்ளவத்தையில் நிகழ்ந்த கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தோம். இன நல்லிணக்கத்திற்குக் கலை ஆற்றக்கூடிய பணி பற்றிய கூட்டம். பேசிய பெரியார் ஒருவர், சிங்களத் திரையுலகின் பெருநடிகர் காமினி பொன்சேகா 1979ஆம் ஆண்டு வெளிவந்த “சருங்கலே” என்ற படத்தில் நடராஜா என்னும் தமிழ் எழுதுவினைஞராக நடித்தமைக்காகத் தமிழினம் அவருக்கு என்றென்றும் நன்றிக்கடன் பட்டுள்ளது என்றார். மண்டபம் கைதட்டியது. அடுத்துப் பேசிய சிங்கள அன்பர் அந்நன்றியைத் தம் இனத்தின் சார்பில் ஏற்றுக்கொண்டார். பின்னர் தேநீரும் வடையும் வழங்கப்பட்டன.

நாம் கைதட்டவில்லை. ஏன் என்று வெளியே வந்ததும் நண்பர் சிலர் வினவினர். காலி வீதியின் இரைச்சலில் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

நன்றி என்பது அயலானுக்குக் கூறுவது. வழியே போன ஒருவன் நம் வீட்டுத் தீயை அணைத்தால் அவனுக்கு நன்றி கூறுகின்றோம். உடன்பிறந்தான் அணைத்தால், ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்கின்றோம். காமினி பொன்சேகா 1936 மார்ச் 21ஆம் நாள் தெஹிவளையிற் பிறந்தவர். நாம் வாழும் களுபோவிலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவு. எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பதை நம் வகுப்பு மாணவர் எவரைக் கேட்டாலும் பெருமையோடு சொல்வர். காமினி எங்கே பிறந்தார் என்று கேட்டோம். “யார் சேர் அவர்?” என்பதே மறுமொழி. சென்னை நடிகர்கள் காலையில் என்ன உண்கின்றனர் என்பது வரை அறிந்த பிள்ளைகள் இவர்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று. அவர்களுக்குக் காமினியைப் பற்றி எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றியுரை வடிவிலேதான் சொல்லியிருப்பர்.

நன்றியுரை ஒரு கலைஞனைக் கொன்றுவிடுகின்றது என்பதே நம் கட்சி. ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பு ஒற்றைப் படமாகச் சுருங்குகின்றது. அந்தப் படமும் நற்சான்றுப் பத்திரமாகச் சுருங்கிச் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றது. அதன்பின் அவர் நன்றாக நடித்தாரா, எதை நடித்தார், எதை விட்டார், பின்னாளில் என்ன செய்தார் என்று கேட்பவன் நன்றிகெட்டவனாகிவிடுகின்றான். நாம் கேட்கவே விரும்புகின்றோம்.

சிங்களப் படவுலகம் தோன்றிய கதையை மறந்துவிட்டு காமினியின் இடத்தை அளக்க முடியாது. முதற் சிங்களப் பேசும்படமாகிய “கடவுணு பொரொந்துவ” 1947இல் திரையேறியது. அதைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரை. கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ரசம்மா டானியல்ஸ். பின்வந்த ஆண்டுகளில் சிங்கள மக்கள் முணுமுணுத்த திரைப்பாடல்கள் பலவற்றிற்கு இசையமைத்தவர் நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி. பெருமைக்குரிய பட்டியல்தான். ஆயின் அந்தப் பெருமையோடு ஒரு வெட்கமும் ஒட்டியிருக்கிறது. தென்னிந்தியக் கூடங்களிலிருந்து சிங்களவருக்குச் சென்றது நம் கலையின் சிறந்த பகுதியன்று. அட்டைக் கோட்டைகளும், காரணமின்றிப் பாடும் காதலரும், மூன்றாம் சுருளில் மாறும் குழந்தைகளும் கொண்ட மசாலா வார்ப்பே சென்றது. அவ்வார்ப்பை உடைத்துக்கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் “ரேகாவ” எடுத்தார். இந்நாட்டுக் கிராமத்தின் வெயில் முதன்முறையாகத் திரையில் விழுந்தது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. ஒரு மக்களின் கலை விழிப்பும் அம்மக்களின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியும் ஒரே ஆண்டிற் பிறந்தன என்பதை முற்போக்காளர் எவரும் தட்டிக் கழிக்கலாகாது.

இருபது வயது இளைஞராகக் காமினி அந்தப் படப்பிடிப்பில் உதவியாளராக நின்றார். கித்துல்கலையில் டேவிட் லீன் “குவாய் நதிப் பாலம்” எடுத்தபோதும் படப்பிடிப்புக் குழுவிற் சேர்ந்து தொழில் கற்றார். அதாவது, நடிகராக முன்னே வருமுன் கமராவின் பின்னால் நின்றவர் அவர். 1960இல் “சந்தேசய”, 1962இல் முதல் வண்ணச் சிங்களப் படமாகிய “ரன்முத்து தூவ”, 1963இல் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டு 1965இல் புதுடில்லி விழாவில் தங்கமயில் பெற்ற “கம்பெரலிய”. இவற்றின் வழியே அவர் வெகுசனத்தின் வீரநாயகனாகவும், அழிந்துவரும் நிலவுடைமைக் குடும்பத்தின் நலிந்த மருமகன் ஜினதாசவாகவும் ஒருங்கே வாழ்ந்து காட்டினார். சண்டைக் காட்சிக்காக வரிசையில் நின்ற அதே கூட்டம் “கம்பெரலிய”வுக்கும் வரவேண்டுமென்று விரும்பிய நடிகர்! நம் தமிழ்த் திரையின் உச்சியில் இருந்தவருள் எத்தனை பேர் அப்படித் தம் பிம்பத்தைத் தாமே உடைக்கத் துணிந்தனர்?

“நிதானய”வைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 1972இல் வெளிவந்தது, வெனிஸ் விழாவிற் பரிசு பெற்றது. கழுத்தில் நான்கு மறுக்களுடைய பெண்ணைப் பலியிட்டாற் புதையல் கிட்டும் என்று நம்பும் வில்லி அபேநாயக்க, கடனில் மூழ்கிய பிரபு. அத்தகைய பெண்ணைக் கண்டு மணக்கிறான். அவளோ அவனை நேசிக்கிறாள். காமினி அவனை அரக்கனாகவும் ஆக்கவில்லை, நம் இரக்கத்துக்குப் பிச்சை கேட்பவனாகவும் ஆக்கவில்லை. மரியாதையான, நன்றாக உடுத்த, மென்மையாகப் பேசும் ஒருவன் தன் வர்க்கத்தின் வீழ்ச்சியைத் தாங்கமாட்டாமற் கொலைகாரனாகும் வழி முழுவதும் அந்த முகத்தில் தெரிகின்றது. நிலப்பிரபுத்துவத்தின் சாவைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகள் பல அந்த முகத்தின் அரை நிமிடத்துக்கு ஈடாகா.

இத்தகைய நடிகர்தான் 1979இல் நடராஜாவானார். 1977 ஓகஸ்ட் கலவரத்தின் புண் ஆறாத காலம். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த ஆண்டு. சுனில் ஆரியரத்னவின் இயக்கத்தில், சிங்களவரின் முதல் நாயகன் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவராகித் தமிழ் பேசி நடித்தார். நம் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் அதை வெளியான காலத்திலேயே பார்த்தவர். அவரிடம் கேட்டோம். “தம்பி, அவன்ரை தமிழிலை பிழை பிடிக்கவெண்டுதான் போனனான். ஒண்டிரண்டு பிடிச்சனான். பிறகு பிடிக்கிறதை மறந்துபோனன்” என்றார். 1983 யூலையில் வீட்டை இழந்து, அகதிக் கப்பலிற் காங்கேசன்துறை போய், சில ஆண்டுகளின் பின் மீண்டும் இங்கேயே வந்து குடியேறியவர் அவர். அவர் நன்றி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம்.

நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்று. அப்படம் சிங்கள இனவெறியை மட்டும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துச் சாதித் தடிப்பையும் தொட்டது. நன்றியுரையில் இப்பகுதி மட்டும் எப்போதும் காணாமற்போகும். கலவரத்தைக் காட்டினாயா, வாழ்க. நம் கிணற்றடியைக் காட்டினாயா, அது உன் வேலையன்று! கே. டானியலின் “பஞ்சமர்” 1972இல் வெளிவந்துவிட்டது. மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நிகழ்ந்தவை 1968இல் ஊரறிய நிகழ்ந்துவிட்டன. எனினும் ஒரு சிங்களப் படம் அதைத் தொட்டதும் கௌரவமான குடும்பங்கள் முகஞ்சுளித்தன. அந்தச் சுளிப்பின் மேற்பூச்சுத்தான் இன்றைய நன்றி என்று நாம் ஐயுறுகின்றோம்.

இளைஞர் சிலர் வேறொரு வினாவை எழுப்புவர். தமிழனின் பாத்திரத்தைத் தமிழ் நடிகனுக்குக் கொடுத்தாலென்ன? நியாயமான வினா. அமெரிக்காவில் 1937இல் “நல்ல நிலம்” என்ற படத்திற் சீனக் குடியானவனாக வெள்ளையரான போல் முனி நடித்தார். நாயகன் வெள்ளையராதலின் நாயகி வேடமும் வெள்ளைப் பெண்ணுக்கே சென்றது. லூயிஸ் ரெய்னர் அதற்கு ஒஸ்கார் பெற்றார். அவ்வேடத்தை அவாவிய சீனவழி நடிகை அன்னா மே வொங் கைவிடப்பட்டார். மை தீட்டிய முகத்துக்குப் பரிசு, உண்மையான முகத்துக்கு வாசற்படி. காமினியையும் இதே கணக்கில் எழுதிவிடலாமா?

ஆகாது என்பதே நம் துணிபு. போல் முனி ஏறிய மேடையில் சீனனின் குறையைக் கேட்க எவரும் கூடியிருக்கவில்லை. காமினி நடராஜாவை எடுத்துச் சென்றதோ, நடராஜாவை அடிக்கக்கூடிய கூட்டத்தின் நடுவே. தாம் விசிலடித்துக் கொண்டாடும் முகமே அடிவாங்கும் முகமாக மாறுவதைக் காலியிலும் குருநாகலிலும் இருந்தோர் பார்க்க நேர்ந்தது. அறிமுகமில்லாத தமிழ் நடிகன் எவ்வளவு திறமையாக நடித்திருந்தாலும் அது நிகழ்ந்திராது. இது காமினியின் செயலுக்கு நாம் தரும் மதிப்பீடு, நன்றியன்று. ஆயினும் இளைஞரின் வினா முழுதும் தீர்ந்துவிடவில்லை. “குத்துவிளக்கு” 1972இலும், “பொன்மணி” 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய “வாடைக்காற்று” 1978இலும் வெளிவந்தன. நடிகர் இருந்தனர், அவர்களுக்குத் திரையும் சந்தையும் இல்லை. தென்னிந்தியப் படத்துக்கே கதவைத் திறந்துவைத்த நாமும் அதற்குப் பொறுப்பு.

கடன் கணக்கே பேசுவதாயின் முழுக் கணக்கையும் பேசுவோம். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் 1983 யூலையிற் கொல்லப்பட்டார். கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. அன்று வெள்ளவத்தைக் கூட்டத்தில் இவ்விரு பெயர்களையும் எவரும் உச்சரிக்கவில்லை. நன்றி ஒரே திசையிற் பாய்ந்துகொண்டிருந்தது.

இனி, நற்சான்றுப் பத்திரத்தைக் கிழிக்கும் பகுதி. 1971இன் “வெலிகதர”வில் காமினி பொலிஸ் அதிகாரி ரந்தெனியவாக வடக்கே வருகிறார். படத்தின் பெயருக்குப் பொருள் பாலைவனம். சிறந்த படம், மறுப்பதற்கில்லை; ஜோ அபேவிக்கிரமவின் கோரிங் முதலாளியோடு அவர் மோதுவது சிங்களத் திரையின் உச்சங்களுள் ஒன்று. ஆனால் மோதுவோர் இருவரும் தெற்கத்தியர். மணல் மட்டும் நம்முடையது. அங்கு வெங்காயம் பயிரிட்டு, வலை வீசி வாழ்ந்த மக்களுக்கு அக்கதையின் நடுவே இடமில்லை. எட்டாண்டுகளில் ரந்தெனியவிலிருந்து நடராஜாவுக்கு ஒரு நடிகர் நடந்த தூரத்தை அளக்கவேண்டுமாயின் முதலில் ரந்தெனியவை மறைக்காமல் வைக்கவேண்டும்.

அதற்கு அப்பால் அவர் நடந்த தூரமும் உண்டு. 1989இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரானார். 1994 வரை பிரதிச் சபாநாயகர். 1995 முதல் 1998 வரை, அன்று இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநர். அம்மாகாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை 1990க்குப் பின் இருக்கவில்லை. எனவே அந்தக் கதிரை, மக்கள் வாக்களித்து இருத்திய கதிரையன்று; சனாதிபதி நியமித்த ஒருவர் மக்களுக்குப் பதிலாக அமரும் கதிரை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையிற் பெட்டி படுக்கையோடு தென்மராட்சி நோக்கி நடந்தபோதும் அக்கதிரையில் அவரே இருந்தார். “ரன்முத்து தூவ”வுக்காக இளைஞராய் வந்த திருகோணமலைக்கே ஆளுநராகத் திரும்பினார். (அப்படத்தை எடுத்த மைக் வில்சன் பின்னாளில் கதிர்காமத்து அடியவராகிச் சுவாமி சிவ கல்கி எனப் பெயர் பூண்டார். இத்தீவு மனிதரை எங்கெங்கோ கொண்டு சேர்க்கின்றது.)

நல்லெண்ணத்தோடுதான் ஆளுநர் பதவியை ஏற்றார் என்று அவரது அன்பர் கூறலாம். நாம் மறுக்கப் போவதில்லை. ஆளுநருக்குப் படைகளின் மேல் அதிகாரமில்லை என்பதையும் அறிவோம். அதிகாரமில்லாத அலங்காரக் கதிரைக்கு அரசு ஏன் ஒரு நடராஜாவைத் தேடியது? தமிழர் மனத்தில் அவர் ஈட்டிய முதலை அரசு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள அவர் ஏன் இடங்கொடுத்தார்? காமினி பொன்சேகா 2004 செப்டெம்பர் 30இல் மறைந்துவிட்டார். அவரிடம் கேட்க முடியாது. எனினும் வினா அவரோடு மறையவில்லை. நன்றிக்கடன் பட்டவன் இவ்வினாவைக் கேட்கமாட்டான். அவரை நம் நாட்டுக் கலைஞரென்று உரிமை கொண்டாடுபவனே கேட்பான்.

சென்ற தவணை உயர்தர மாணவருக்குச் “சருங்கலே”யைத் திரையிட்டோம். பிரதி மங்கல், ஒலி இடையிடையே கரகரத்தது. கிளாக்கர் ஐயாவும் வந்து பின்வாங்கிலில் அமர்ந்திருந்தார். கலவரம் பற்றி விவாதம் எழுமென எதிர்பார்த்தோம். மாணவர் சண்டையிட்டதோ சாதியைப் பற்றி! ஒருவன் இப்போது அப்படியெல்லாம் இல்லை என்றான். முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து, தன் அக்காவின் கலியாணப் பேச்சு ஏன் குழம்பியது என்று அவனைக் கேட்டாள். மணி அடித்தும் எவரும் எழவில்லை. அடுத்த தவணைக்கு “வெலிகதர”வின் பிரதி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.