கடிச்சது யாருன்னு பாருங்க, மருந்தை அப்புறம் பேசலாம்

போன வாரம் காலங்காத்தால பங்காளி ஒருத்தர் மஞ்சப்பையோட வாசல்ல வந்து நின்னார். "ஏனுங்ணா, பொடக்காளியில பன்னண்டு தக்காளிச் செடி வெச்சேன். பாதிக் காய் வீணாப் போகுதுங். என்ன மருந்து அடிக்கறதுங்ணா?"

பையில நாலு தக்காளி இருந்துச்சு. நாலும் நாலு விதம். ஒண்ணுல வட்டமா ஓட்டை. இன்னொண்ணு அடிப்பக்கம் கறுத்து உள்ள அமுங்கியிருக்குது. மூணாவதுல காம்போரம் ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்ன துளை. நாலாவதைப் பாதி கொத்திக் கிழிச்சுப் போட்டிருக்குது. காய்ச்சல், கால்முறிவு, கடன்தொல்லை மூணுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை குடுங்கன்னு கேக்கற மாதிரிதான் இருந்துச்சு அவர் கேட்டது.

நான் அவரைச் சிரிக்கலைங்க. எனக்கு அந்த யோக்யதை கிடையாது.

நாலு வருசத்துக்கு முந்தி எங்க பொடக்காளியிலயும் தக்காளிக்கு அடிப்பக்கம் கறுத்துப் போச்சு. ஒரு காயைப் பறிச்சுக்கிட்டு டவுன்ல ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காயைக் கையில கூட வாங்கலை. "பூச்சிங்க, இதை அடிங்க"ன்னு ஒரு பாட்டிலை எடுத்து வெச்சார். அன்னைக்குச் சாயங்காலமே அடிச்சேன்.

அப்ப பள்ளிக்கூட லீவு. பேத்தி வந்திருந்தா, ஆறு வயசு. விடிஞ்சதும் எனக்கு முன்னாடி எந்திரிச்சுப் போய், பழுத்த காயாப் பார்த்துப் பறிச்சு, பாவாடையில துடைச்சுக் கடிச்சுட்டா. "அப்புச்சி, இனிக்குது"ன்னு மிச்சத்தை எங்கிட்ட நீட்டறா.

வாயைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் புள்ளையையும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பாட்டில் சீட்டைப் படிச்சார். சாயங்காலம் வரைக்கும் அங்கயே வெச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னு அனுப்பினார். அதுக்கு நடுவுல அவர் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பூச்சிக்குங்க அடிச்சீங்க?" முப்பது வருசமா வெள்ளாமை பண்றவன் நான். என்னால பதில் சொல்ல முடியலை.

ஏன்னா அது பூச்சியே இல்லை. அடி கறுக்கறது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால வர்ற கோளாறு. மண்ணுல சத்து இருந்தாலும், நாலு நாள் காயப்போட்டுட்டு அஞ்சாம் நாள் தெப்பமாத் தண்ணி கட்டினா, செடியால அதைக் காய் வரைக்கும் சீராக் கொண்டுபோக முடியாது. அளவாத் தண்ணி விட்டு, தூர்ல தழையோ வைக்கோலோ மூடாக்குப் போட்டிருந்தாப் போதும். தண்ணி விடத் தெரியாத குத்தத்துக்குப் புள்ளை வாயில விஷத்தை வெச்சிருக்கேன்.

அதனால பங்காளிகிட்ட மருந்துப் பேரைச் சொல்லலை. செடிகிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

வட்ட ஓட்டை போட்டது காய்ப்புழு. தலையை உள்ள விட்டு, பாதி உடம்பை வெளிய வெச்சுக்கிட்டுத் திங்கும். ஒரு காயை முழுசாத் தின்னு முடிக்காது, அடுத்ததுக்குத் தாவும். இலையைச் சல்லடையாக்கறது புரொடீனியா புழு. பகல்ல மண்ணுக்குள்ள பதுங்கிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச் லைட்டோட போனாக் கையோட புடிக்கலாம். இலைக்கு அடியில பழுப்பா ரோமம் மூடின முட்டைக் குவியல் இருந்தா, அந்த இலையோட கிள்ளி எறிஞ்சா ஒரு கூட்டமே ஒழிஞ்சது.

காம்போரம் ஊசித் துளை போட்டது ஊசிப்புழு. தென் அமெரிக்காவில இருந்து வந்த பூச்சி இது, நம்ம நாட்டுல 2014லதான் மகாராஷ்டிராவுல முதல்ல கண்டாங்க. இலையில தீஞ்ச மாதிரி திட்டுத் திட்டாக் காயும். அந்த இலையையும் காயையும் குப்பையில போடாம எரிக்கணும். இலையில பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு மட்டும் இருந்தா அது வேற, இலைச் சுரங்கப்பூச்சி. நாலு இலையைக் கிள்ளிப் போட்டாச் செடி சமாளிச்சுக்கும்.

கொத்திக் கிழிச்சது மயிலுங்க. அதுக்கு மருந்து கிடையாது, அடிக்கவும் கூடாது. வலைதான் கட்டணும்.

இலை மேல்பக்கமாச் சுருண்டு செடி குட்டையா நின்னா, வெள்ளை ஈ வைரஸைக் கொண்டுவந்து விட்டிருக்குதுன்னு அர்த்தம். வந்த செடியை எந்த மருந்தும் காப்பாத்தாது. பாவம் பார்க்காம முதல் செடியைப் புடுங்கிட்டா மீதி தப்பிக்கும். மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டா ஈ வந்து ஒட்டும்.

வராம இருக்க என்ன பண்றதுன்னா, கத்திரி, மிளகாய் இருந்த இடத்துலயே தக்காளியை வைக்காதீங்க, மூணும் ஒரே குடும்பம். ஓரத்துல செண்டுமல்லி வைங்க. தக்காளியை விடப் பதினஞ்சு நாள் மூத்த நாத்தா இருக்கணும், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணாப் பூக்கும். காய்ப்புழுத் தாய் அந்துப்பூச்சி மல்லிப் பூவைத் தேடிப் போய் முட்டை வைக்கும். அப்பறம் வேப்பங்கொட்டைச் சாறு. அரைக்கிலோ பருப்பை இடிச்சுத் துணியில கட்டி ராத்திரி ஊறவெச்சு, பிழிஞ்சு பத்து லிட்டர் ஆக்கி, கொஞ்சம் சோப்புக் கரைச்சு வெயில் தாழ்ந்ததும் அடிக்கணும். எட்டு மாசத்துக்கு மேல பழசான கொட்டையில வீரியம் இருக்காது. புழு சின்னதா இருக்கறப்ப அடிச்சாத்தான் கேக்கும்.

"ஏக்கர் கணக்குல போட்டவன் டார்ச் அடிச்சுப் புழுப் பொறுக்க முடியுமா?"ன்னு கேப்பீங்க. நியாயந்தான். காட்டுல நானும் மருந்து அடிக்கறவன்தான். கூலியும் கடனும் கழுத்தைப் புடிக்கறப்ப அங்க எனக்கு வேற வழி தெரியலை. ஆனா அங்கயும் மருந்து டப்பாவில இருக்கற முக்கோணத்தைப் பார்க்கறேன். சிவப்புன்னாக் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்பறம் நீலம், பச்சை. அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம்னு சீட்டைப் படிக்கறேன். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லயே அரசாங்கம் சொல்லியாச்சு, அதைத் தொடறதில்லை.

பொடக்காளிக்கு இந்தச் சாக்கு எதுவும் செல்லாதுங்க. பன்னண்டு செடியை முழுசாப் பார்க்கப் பத்து நிமிசம் போதும். நாலு காய் புழுவுக்குப் போனா எந்தக் கடனும் ஏறப்போறதில்லை. கடையில வாங்கறதை விட்டுட்டு வீட்டுல வைக்கறதே நம்பித் திங்கத்தான். அதுலயும் கண்ணை மூடிட்டு மருந்து அடிக்கறதுக்குச் சந்தையிலயே வாங்கிக்கலாம்.

பங்காளி போறப்ப, "அப்ப மருந்தே வேண்டாங்களாண்ணா?"ன்னு நம்பிக்கை இல்லாமத்தான் கேட்டார். வலை வாங்கக் காசு வெச்சிருக்கீங்களான்னு கேட்டு அனுப்பினேன்.

இந்த லீவுக்கும் பேத்தி வர்றா. எந்திரிச்சதும் நேரா பொடக்காளிக்குத்தான் ஓடுவா. ஓடட்டும்.