பெயருக்கு முன்னால் "டாக்டர்" வேண்டுமா?

மகள் எம்.எஸ்சி. உளவியல் முடித்து விட்டாள். அடுத்து என்ன?

கோவைப் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான் வருகிறது. "மேலே படி, கண்ணு. டாக்டர் பட்டம் வாங்கிப் போடு. நாலு பேர்கிட்டச் சொல்லிக்க நல்லா இருக்கும்!"

கல்யாணப் பத்திரிகையிலும் "டாக்டர்" என்று அச்சடிக்கலாம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால், அதற்காக மட்டும் நாலைந்து வருடத்தைக் கொடுப்பது வீண்.

எம்.எஸ்சி.யை முதல் படி என்றும், பி.எச்டி.யை அதற்கு அடுத்த படி என்றும் பெற்றோர் நினைக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எம்.எஸ்சி. 2 வருடப் படிப்பு. மனம் வேலை செய்யும் விதத்தை அதில் பாடமாகப் படிக்கலாம். பி.எச்டி. என்பது ஆராய்ச்சி. அதற்குக் குறைந்தது 3 வருடம், அதிகம் போனால் 6 வருடம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் விதி செய்தது.

அத்தனை வருடமும் ஒரே கேள்விதான். இரவு ஷிப்டு பார்க்கும் மில் தொழிலாளிக்குத் தூக்கம் கெட்டால், ஞாபகம் எவ்வளவு கெடும்? இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, பலரைச் சோதித்து, கணக்குப் போட்டு, எழுதி, அறிஞர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி மேல் பைத்தியமாக இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் பாதியில் சலித்துப் போவார்கள்.

"என் மகள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும்" என்கிறார்களா? அதற்கு வழி வேறு.

மனநோயாளிகளைச் சோதித்துச் சிகிச்சை தரும் உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வெறும் ஆராய்ச்சிப் பட்டம் அந்தப் பதிவை வாங்கித் தராது! நோயாளிகளை நேரில் பார்த்து, மூத்தவர்கள் மேற்பார்வையில் பெறும் பயிற்சி வேண்டும். 2 வருட எம்.பில். படிப்பாக அது நடந்து வந்தது. 2022 விதி எம்.பில். பட்டத்தையே நிறுத்தியது. ஆனால், இந்தப் படிப்புக்கு 2025-26 கல்வி ஆண்டு வரை விலக்குக் கிடைத்தது. ஆகவே, பணம் கட்டும் முன்பு, அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பது முக்கியம்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா வேறு மாதிரி சொல்வார். அங்கே இந்த வேலைக்குப் பெரும்பாலும் டாக்டர் பட்டம் கேட்கிறார்கள். அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி.

கல்லூரி ஆசிரியர் ஆக ஆசையா? உதவிப் பேராசிரியர் வேலைக்கு எம்.எஸ்சி.யுடன் "நெட்" அல்லது "செட்" பரீட்சையில் தேறினால் போதும், பி.எச்டி. கட்டாயம் இல்லை என்று 2023-ல் அறிவிப்பு வந்தது. இணைப் பேராசிரியராக உயர அது வேண்டும்தான். வேலையில் சேர்ந்த பிறகும் அதைப் படிக்கலாமே!

செலவுதான் பல வீடுகளில் பெரிய கவலை. "நெட்" பரீட்சையில் முன்னணியில் வந்து ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை இது. அது கிடைத்தவள், அப்பாவின் கையை எதிர்பார்க்காமல் ஆராய்ச்சி செய்யலாம். கிடைக்காதவள், நிலத்தை அடகு வைத்துப் படிக்க வேண்டியதில்லை.

இன்னும் மனம் ஊசலாடுகிறதா? மருதமலை ரோட்டில், 1982-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. உளவியல் துறையும் உண்டு. தந்தையும் மகளும் ஒரு நாள் நேரில் போகலாம். அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவிகளிடம், "எத்தனை வருடம் ஆச்சும்மா? இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்கலாம். கல்யாணத் தரகரைக் கேட்பதை விட அது மேல்.