பெயர்ப்பலகையை விலைக்கு வாங்காதீர்!

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. இளைப்பாறிய ஆசிரியருக்குப் பணிக்கொடை வருகிறது. கொழும்பிலே இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவருக்குச் சேமலாப நிதி வருகிறது. வந்த பணம் எங்கே போகிறது? யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிவரை நெடுஞ்சாலையின் இருமருங்கையும் பார்த்து வருவோருக்கு விடை கூறத் தேவையில்லை. பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. கைத்தொலைபேசிக் கடைக்கு எதிரே கைத்தொலைபேசிக் கடை. ஒருவர் மண்டபம் கட்டினால் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு மண்டபம். ஆண்டொன்று கழியுமுன் அவற்றிற் சில பூட்டப்பட்டு, ‘கடை விற்பனைக்கு’ என்ற அட்டை தொங்கும். அதனை வாங்குவதற்கும் எம்மவரில் ஒருவர் காசுடன் வந்து நிற்பார்!

இது அவரவர் சொந்த விடயம், இதிலே அரசியற் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கடை போடுவோரின் முதல் பெரும்பாலும் கையிருப்பு அன்று. சீதன வீட்டையோ வயலையோ ஈடு வைத்துப் பெற்ற கடன். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு மேற்பட்ட கடனாயின், வங்கியானது நீதிமன்றப் படியேறாமலே தன் பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றைக்கொண்டு ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். 2024இல் பாராளுமன்றம் அவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததேயன்றி நீக்கிவிடவில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனுக்குக் கைவிரித்தது. அவ்வாண்டிலேயே வங்கி வட்டி நூற்றுக்கு 25ஐத் தாண்டியது. தான் கட்டமாட்டேன் என்று கூறிவிட அரசாங்கத்துக்கு இயலும், கடைக்காரருக்கு இயலுமா? இராணுவத்திடமிருந்து ஒரு பரப்புக் காணியையேனும் மீட்க வேண்டுமென்று கச்சேரி வாயிலில் நிற்கும் நாமே, பத்துப் பரப்பை ஏலக்காரரின் சுத்தியலுக்குக் கையளிப்பது எவ்வகை அறிவுடைமை?

கணக்கைப் பார்ப்போம். வாடகை, மின்சாரம், ஒரு வேலையாளின் சம்பளம், கடன் வட்டி, வீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 2 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் நூற்றுக்கு 10 மிஞ்சுமாயின், மாதம் 20 இலட்சத்துக்கு விற்றாற்றான் ஈடுகட்டும். அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 66,700 ரூபா. ஊரிலே 200 குடும்பங்கள் இருந்தால், ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் 330 ரூபாவுக்கு மேல் இவரிடமே வாங்கவேண்டும். ஏற்கனவே உள்ள ஐந்து கடைகளையும் சங்கக்கடையையும் திரும்பிப் பார்க்கக்கூடாது! கடன் கொப்பியில் எழுதிவிட்டுப் போவோரை நாம் இன்னும் கணக்கிற் சேர்க்கவில்லை. இந்தப் பெருக்கலை ஐந்தாம் வகுப்பு மாணவன் செய்வான். இலட்சங்களை எண்ணிக் கொடுக்குமுன் எத்தனை பேர் செய்து பார்த்தனர்?

‘எமது பாட்டன்மார் தென்னிலங்கை முழுவதும் கடை வைத்து வாழவில்லையா?’ என்பர். வாழ்ந்தனர். சிங்களப் பட்டினங்களின் கடைத்தெருக்களிலே யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடைகள் விளங்கின. 1958இலும் 1977இலும் 1983இலும் அவற்றுக்கு நேர்ந்த கதியை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கடைகளில் விற்ற பொருள் எது? எமது செம்மண்ணில் விளைந்து, எமது கொட்டில்களில் உலர்ந்து, எமது தொழிலாளர் கையாற் சுற்றிய சுருட்டு. அவர்கள் எமது விளைவைப் பிறருக்கு விற்றனர். இன்று நாம் வைக்கும் கடைகளோ பிறர் விளைவை எமக்கு விற்கின்றன. இரண்டுக்கும் ‘கடை’ என்று ஒரே பெயர் இருப்பதாலேயே மயங்கிவிட்டோம்.

வன்னி நெல்லைப் பாருங்கள். மாசி, பங்குனியிற் காலபோகம் அறுவடையாகிறது. காயவைக்கத் தளமில்லை, அடுக்கி வைக்கக் களஞ்சியமில்லை. கடன்காரர் வாயிலில் நிற்கிறார். ஈரம் நூற்றுக்கு 14 அளவுக்கு இறங்கினாலன்றி நெல் இருப்புக்கு உதவாது. ஆகவே கமக்காரர் ஈரநெல்லை வயற்கரையிலேயே லொறிக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார். அந்நெல் தென்பகுதி ஆலைகளுக்குப் போய், பெயர் அச்சிட்ட பையில் அரிசியாகத் திரும்பி, அதே கமக்காரரின் ஊர்க் கடையிலே தொங்குகிறது. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும். உமி அவிப்பதற்கு எரிபொருள். இவ்வளவையும் விட்டுக்கொடுத்த பின், அரிசிப் பையை விற்பதில் கிடைக்கும் சில்லறைக்காக நாம் ஒருவரோடொருவர் போட்டியிடுகிறோம்.

உடனே எல்லோரும் ஆலை வாங்கப் புறப்படவேண்டாம். அதுவும் அயலானைப் பார்த்துச் செய்யும் வேலையாகிவிடும். பங்குனியில் நெல்லை வாங்கி ஆண்டு முழுவதும் விற்பதற்கு இயந்திரத்தின் விலையிலும் பெரிதான முதல் வேண்டும். அது தனியொருவரால் ஆகாது. பத்துக் கமக்காரரும் இரண்டு உத்தியோகத்தரும் கூடினால் ஆகலாம். தனியாள் கூலிக்குக் குற்றிக் கொடுக்கட்டும், உலர்த்தும் தளம் ஒன்றை வாடகைக்கு விடட்டும். அவ்வளவு முதலும் இல்லாத, தொழில்நுட்பம் பயின்ற இளைஞருக்கு நாம் சொல்வது நீர்ப்பம்பியும் லான்ட்மாஸ்டரும் திருத்தும் பட்டறை. கண்ணாடி அலுமாரியும் மின்விளக்கு அலங்காரமும் அங்கே இல்லை. ஆனால் வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் நேரத்திற் பம்பி நின்றுவிட்டால், கமக்காரர் விலை பேசிக்கொண்டிருக்கமாட்டார். பால், ஒடியல், பனங்கட்டி, கருவாடு என்பனவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இனி, நடக்கும் வியாபாரத்தை விலைக்கு வாங்குவோருக்குச் சட்டத்துறையினர் என்ற முறையிற் சில கூறவேண்டும். விற்பவர் முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுக் காட்டுவார். அது இலாபத்துக்கும் சாட்சியன்று, உடைமைக்கும் சாட்சியன்று. கடை யாருடைய காணியில் நிற்கிறது? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ‘ஐந்து வருடத்துக்குப் பேசியிருக்கிறோம்’ என்று சாதாரண தாளில் எழுதிய துண்டு, அந்த ஐந்து வருடத்தை உங்களுக்குத் தராது. விற்பவர் வாடகைக்கு இருப்பவராயின், காணிச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவரிடம் வாங்கி உள்ளே நுழைபவர், கடையை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார். சாமான்களை எண்ணும்போதும் விழிப்பு வேண்டும். வாசலில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் பானக் கம்பனிக்குச் சொந்தம். வாகனம் லீசிங் கம்பனிக்குச் சொந்தம். தன்னுடையதல்லாததை ஒருவர் எப்படி விற்பார்? விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

‘நன்மதிப்பு’ என்று பத்து இலட்சம் கேட்பார்கள். வாடிக்கையாளர் பெயர்ப்பலகையைத் தேடி வருகிறார்களா, கல்லாவில் இருக்கும் ஆளைத் தேடி வருகிறார்களா? ஆளைத் தேடியாயின், அவர் நூறு யார் தள்ளி மறுகடை திறப்பதைத் தடுக்கும் நிபந்தனை உறுதியில் இருக்கவேண்டும். பங்காளி சேர்ப்போரும் கவனிக்க: முதல் 1,000 ரூபாவை மிஞ்சினாற் பங்காளி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், ஒரு பங்காளி பட்ட வியாபாரக் கடனுக்கு மற்றவரின் வீடும் பதில் சொல்லும். மைத்துனர்தானே என்று வாய்ப்பேச்சில் தொடங்கி, மைத்துனர் முகத்தில் விழியாமல் முடிந்த வழக்குக் கட்டுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி தனியொருவரும் வரையறுத்த கம்பனி அமைக்கலாம். நல்லதுதான். ஆனால் வங்கி நீட்டும் தனிப்பட்ட பிணையில் ஒப்பமிட்ட அன்றே அந்த வரையறை உங்கள் வீட்டளவில் மறைந்துவிடும்.

அரசியல் உரிமை கிடைக்கும்வரை இவையெல்லாம் வீண் என்போருக்கு ஒரு வார்த்தை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் அழிந்தது. அவற்றை மீட்டுத் தராத ஆட்சியாளரை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் நெல் உலர்த்தும் தளம் ஒன்றுக்குச் சீமெந்து பூசுவதற்கு எந்த அரசியலமைப்புத் திருத்தமும் தேவைப்படவில்லை.

இதிலே கற்றோரின் பங்கு பெரிது. கணக்காளர், சட்டத்தரணிகள், இளைப்பாறிய வங்கி முகாமையாளர் இல்லாத பட்டினம் வடக்கில் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, இவர்களுள் இருவர் தத்தம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, வியாபாரம் தொடங்கவோ வாங்கவோ எண்ணுவோரின் பத்திரங்களைக் கூலியின்றி வாசித்துக் கொடுக்கட்டும். வருவோர் கொண்டுவர வேண்டியவை: காணி உறுதியின் பிரதி, குத்தகை உறுதி, விற்பவரின் ஒரு வருடக் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள், மின்சாரக் கட்டணச் சிட்டைகள், லீசிங் பத்திரம், ஊழியர் சேமலாப நிதி செலுத்திய சான்று. இவற்றைக் காட்ட மறுப்பவரிடம் முற்பணம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.