பழவேற்காட்டின் பாடு

வேலைப்பளுவால் மனம் தளர்ந்தவரிடம், செபியுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள் என்கிறோம். நல்லதுதான். ஆனால் இத்தளர்ச்சி ஒரு நோயல்ல, பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட அழுத்தத்தின் விளைவு என உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் விளக்கியது. அப்படியானால் சீர்செய்ய வேண்டியது வேலையின் ஒழுங்கையும் அல்லவா?

பழவேற்காடு ஏரி மீனவர்கள் இதை நெடுங்காலமாக அறிவர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை உண்டு. (ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டும் சொல்!) மீன் அதிகம் கிடைக்கும் இடத்தில் யார், எந்நாளில் வலை விரிப்பது என்று முறைவைத்துக்கொள்கின்றனர். வலியவர் தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. முறை வராதவர் அதற்காக முட்டிமோதவும் வேண்டாம்.

குறையும் உண்டு. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடு உரிமை இல்லை.

முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறையும்போது மீனும் இறாலும் குறைகின்றன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய அச்சம் வேறு. அப்போது முறைக்குக் காத்திருக்கும் நாள் ஓய்வு நாளாக இருப்பதில்லை, கடன் வாங்கும் நாளாகிறது. அவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதா?

கெனசரேத்து ஏரியில் வலை கிழியத் தொடங்கியபோது சீமோனும் உடனிருந்தோரும் மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தனர் (லூக் 5:7). நம் அன்பியங்களில் நோயாளிகளைச் சந்திக்கிறோம். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், எவ்வளவு கடன் என்று கேட்பதோ அபூர்வம்.