உடன்பயில்வார் சொல்லும் குறை

ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே உள்வாங்கினாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறு புலமையே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கையில் வந்து சேரும். இது நன்னூலில் பவணந்தியார் போட்ட கணக்கு. நம் வணிகவியல், வணிக மேலாண்மை வகுப்புகளோ முதற் காற்கூறோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாண்டுகள் பயிலும் மாணவரின் தேர்வுத்தாளைத் திருத்துபவர் முகம் அறியாதவர். அவர் தருவது ஓர் எண். பட்டம் பெற்று, தனியார் வங்கிக் கிளையிலோ தணிக்கையாளர் அலுவலகத்திலோ சேர்ந்த பின்னர்தான் "நீங்கள் எழுதியது புரியவில்லை" என்ற சொல்லை அம்மாணவர் முதன்முறையாகக் கேட்கிறார். சொல்பவர் மேலாளர், பணியுறுதியும் ஊதிய உயர்வும் அவர் கையில். "எந்த வரி புரியவில்லை?" என்று திருப்பிக் கேட்க நா எழுமா?

பக்கத்து இருக்கைத் தோழனிடம் கேட்கலாம். தன்விவரக் குறிப்பில் 'பொழுதுபோக்கு: நூல் வாசிப்பு' என்று எழுதியிருப்பதைக் கண்டதும், "கடைசியாக என்னடா படித்தாய்?" என்று அவன்தான் கேட்பான். குழு விவாதத்தில் ஒரே கருத்தை மும்முறை சொன்னதையும், அருகிலிருந்த பெண்ணைப் பேசவிடாது இடைமறித்ததையும் அவன் கண்டிருப்பான். நாற்பது பேரை ஒருங்கே நோக்கும் ஆசிரியர் கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

அறியாதவன் அறியாதவனுக்கு என்ன சொல்லிவிட முடியும் என்பார் உளர். ஐந்தொகை சரியா என்று தோழன் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அது ஆசிரியர் வேலை. எவ்விடத்தில் தன் கவனம் சிதறியது, எச்சொல் விளங்கவில்லை என்று சொன்னால் போதும். அதற்குப் புலமை வேண்டா. 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், ஆயத்தம் செய்து பேசுபவரை மதிப்பிடுபவரும் ஒரு சக உறுப்பினரே. ஆசிரியர் என்று அங்கே தனியே எவரும் இலர்.

நம் இடர்ப்பாடு வேறு. நட்பு கெடும் என்ற அச்சத்தால் "சூப்பர் மச்சி" என்று முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. (கவியரங்குகளில் நாமும் அதையே சற்றுச் செந்தமிழில் செய்துவருகிறோம்.) புகழ்ந்தவன் நண்பன், குறை சொன்னவன் பொறாமைக்காரன் என்றாகிவிட்டபின் எவன் வாய் திறப்பான்?

இதற்கு மருந்தாகச் சக மாணவர் மதிப்பீட்டை அகமதிப்பீட்டில் சேர்த்து மதிப்பெண் வழங்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. நாம் இதை வன்மையாக மறுக்கிறோம். மதிப்பெண் நுழைந்த கணமே அது பண்டமாற்றாகும்: நீ எனக்கு ஐந்து போடு, நான் உனக்கு ஐந்து. அல்லது பழைய பகை தீர்க்கும் கருவியாகும். தமிழ்வழி பயின்று வந்து ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைதான் இதில் முதலில் அடிபடும். எண் வேண்டா. எழுதியவர் பெயரிட்டு இரண்டு வரி எழுதித் தரட்டும்; பெற்றவர் விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும், இல்லையேல் கிழித்தெறியட்டும். வளாக நேர்காணல் நெருங்கும் இறுதியாண்டில் இதைத் தொடங்கினால் அச்சமே மிஞ்சும். எதையும் இழக்க வேண்டியிராத முதற் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.