வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மாதம் மே



கத்திரி வெயில் கொளுத்தும்போது வாத்தியார் வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுதாகப் படியுங்கள். கால்வாயைத் தூர்வாருவது, ஏரிக்கரையைப் பலப்படுத்துவது, மதகைப் பழுதுபார்ப்பது, ஆக்கிரமிப்பை அளப்பது எல்லாம் ஏரி காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களில்தான் நடக்க முடியும். டிசம்பரில் எழுதினால் நீங்கள் லைக் போடுவீர்கள், அதற்குள் கரண்ட் போய்விடும்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இரண்டு பேச்சுகள் கிளம்புகின்றன. அரசாங்கம், எந்தக் கட்சி ஆண்டாலும், "வரலாறு காணாத மழை" என்கிறது. நாம் "மனிதநேயம் வென்றது" என்கிறோம். முதல் பேச்சு பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு. இரண்டாவது, நழுவியவரைக் கைதட்டி வழியனுப்புவதற்கு. எனக்கு இரண்டின் மேலும் கோபம்தான். இரண்டாவதன் மேல் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அதைச் சொல்வது நீங்கள்.

சென்னை 1976, 1985, 2005, 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் மூழ்கியது. ஐம்பது வருஷத்துக்குள் இத்தனை முறை கண்டதை "காணாத" என்று எப்படிச் சொல்வது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது உண்மை. அந்த மழையை எந்த ஊர் வடிகாலும் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையின் அளவு வேறு, நம் ஆயத்தத்தின் அளவு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கக் கூடாது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறக்கப்பட்டது. அந்த வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. உங்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டீர்கள்? பால் பாக்கெட் கொண்டுபோனவர்களின் படங்கள் மட்டும் இன்றும் என் போனில் வந்துகொண்டிருக்கின்றன.

ஏரியை முன்கூட்டியே ஏன் இறக்குவதில்லை என்று கேட்பீர்கள். அங்கே நமக்கும் பங்கு உண்டு. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர். அதிகாரி நவம்பரில் தண்ணீரை இறக்கிவிட்டு, அடுத்த மழை பொய்த்தால், "குடிக்கிற தண்ணீரைக் கடலில் கொட்டினான்" என்று நாமே திட்டுவோம். அதனால் அவர் மேலிடத்து வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். மழை காத்திருப்பதில்லை. எந்தத் தேதியில் எத்தனை அடி இருக்கலாம், எவ்வளவு மழை வரும் என்றால் எவ்வளவு திறக்கலாம், கரையோரத்தாருக்கு யார் எப்போது சொல்வது என்பதெல்லாம் முன்பே எழுதி, ஊருக்குத் தெரிய வெளியிட்டிருந்தால் ஒருவர் தயவுக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டாம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்தபோதும் இதே வழக்குதான். எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு வரவில்லை என்றார்கள் தென்பெண்ணைக் கரைக்காரர்கள். தண்டோரா போட்ட காலத்தில்கூட இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது.

இனி வீடு வாங்கியவர்களுக்கு. தென்சென்னையில் 31 ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். அந்தச் சதுப்பில் குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம், அடுக்குமாடி கட்டினோம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்று பெருமைப்பட்டபோது பெரும்பகுதி போய்விட்டிருந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளை மட்டும் உடனே அகற்றி, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். பெரும்பாக்கமே அந்தச் சதுப்பின் ஓரம்தான். ஏழையின் ஆக்கிரமிப்புக்கு புல்டோசர், பணக்காரனுடையதற்கு அப்ரூவல்.

நீங்கள் செய்த நிவாரண வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தவர்கள் நீங்கள், உங்களை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் மீனவர் படகு வேளச்சேரித் தெருவில் ஓட வேண்டிவந்தது ஊருக்குப் பெருமை இல்லை. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வாங்கியதில் தப்பில்லை. வாங்கியதோடு வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று, கிராமத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஏரியின் வரத்துக்கால், கலங்கல் இரண்டின் நிலையையும் கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கவுன்சிலரிடம் உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டு, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அணையின் நீர் திறப்பு விதி என்ன, எச்சரிக்கை செய்யும் பொறுப்பு யாருக்கு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மழைக்கு முன் கையில் இருக்கும்.

மூன்று, மனை வாங்குமுன் பழைய வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் என்னவாக இருந்தது என்று பாருங்கள். ஊர்ப்பெயரில் தாங்கல், ஏந்தல், ஏரி என்று இருந்தால் இரண்டு முறை பாருங்கள். பட்டா நமக்குத்தான், தண்ணீருக்கு அல்ல.

நம் உறவிலேயே மனை வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு, பொதுப்பணியில் இருக்கும் மாணவர்களும் உண்டு. கோபம் வந்தால் கீழேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். மனு எழுதத் தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.