அடுத்த வீட்டு அலறலும் நமது மௌனமும்

புருஷன் பெண்ஜாதி சண்டையில் மூன்றாம் மனிதர் தலையிடலாகாது என்று நம்மவர்களுக்குள் ஒரு தருமம் வழங்கி வருகின்றது. இந்தத் தருமத்தை உண்டாக்கியவர் எவராயினும் அவர் அடி வாங்கியவராக இருந்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். அடுத்த வீட்டுக் கோழி நம் கொல்லையில் மேய்ந்தால் தலையிடுகின்றோம். வேலியை ஒரு முழம் தள்ளி நட்டால் பஞ்சாயத்தைக் கூட்டுகின்றோம். அவ்வீட்டுப் பெண் வேற்றுச் சாதிப் பையனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டாலோ ஊரே தலையிடுகின்றது. அவள் மண்டை உடையும்போது மாத்திரம் அது ‘குடும்ப விஷயம்’ ஆகிவிடுகின்றது. இது என்ன நியாயம்?

சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்ட லயன்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பலகைத் தடுப்புக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் ஒரு குடும்பம். அங்கே இருமினால் இங்கே கேட்கும். இரவு அவள் அலறியதைக் கேட்டவர்களே விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் அவள் வீங்கிய முகத்தையும் கண்டார்கள். கண்டும் காணாதவர் போல் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியிருக்கின்றனர். பலகை போய்ச் செங்கல் வந்ததே ஒழிய, காது திறக்கவில்லை.

“அவன் நல்லவன்தான், குடிதான் அவனைக் கெடுக்கிறது” என்பார் சிலர். குடியின் கேட்டை இந்த வட்டாரத்துக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. 1946-47ஆம் ஆண்டுகளில் இக்கெடாத் தோட்டங்களிலேதான் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி போன்றோர் முன்நிற்கப் பாட்டாளிகள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் பீடோங்கில் போலீஸாரின் தடிக்கும் அஞ்சாமல் நின்றார்கள். அவர்தம் துணிவைப் போற்றுகின்றோம். ஆயினும் கள் போய்ச் சம்சு வந்தது. சம்சு தொடாதவன் வீட்டிலும் அடி விழுகின்றது. நாம் கேட்பது இதுதான்: குடித்தவன் மண்டோரை அடிக்கிறானா? கிராணியை அடிக்கிறானா? வழியில் நிற்கும் போலீஸ்காரனை அடிக்கிறானா? எத்தனை போதையிலும் தன்னைத் திருப்பி அடிக்க முடியாதவர் யார் என்று அவன் கை தவறாமல் கண்டுகொள்கிறதே! அது போதையன்று. இவளை அடித்தால் கேட்பாரில்லை என்னும் தெளிவு. அத்தெளிவை அவனுக்கு வழங்கியவர் நாமல்லவா?

அடுத்து வருகிறார்கள் கோயில் பஞ்சாயத்துப் பெரியவர்கள். இருவரையும் உட்கார வைத்து, அவனுக்கு ஒரு புத்திமதியும் அவளுக்கு ஒன்பது புத்திமதியும் சொல்லி, ‘கல்லானாலும் கணவன்’ என்ற பழமொழியையும் துணைக்கழைத்து, விபூதி பூசி ஒன்றாய் அனுப்பிவிடுவார்கள். அவன் எதிரிலேயே அவள் வாய் திறந்து பேசியதற்கு அன்றிரவு என்ன கூலி கிடைத்ததென்று எந்தப் பெரியவராவது மறுநாள் போய் விசாரித்ததுண்டா?

“அப்படியானால் அவள் ஏன் விட்டு வரவில்லை?” என்று கேட்பவர்களும் உண்டு. எங்கே வருவாள்? லயன் வீடு அவன் வேலையைச் சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அவன் பெட்டியில். தாய்வீட்டிலோ கல்யாணமாகாத தங்கை. இவற்றுக்கெல்லாம் மேலாக, பிரிந்து போக முயலும் காலமே உயிருக்கு அபாயம் மிகுந்த காலம் என்பது இத்துறையில் உழைப்போர் எல்லா நாட்டிலும் கண்ட உண்மை. அவள் தயங்குவதைக் கோழைத்தனம் என்பவர்கள் அவனை அவளைக் காட்டிலும் நன்கறிந்தவர்களோ?

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996 ஜூன் மாதம் அமுலுக்கு வந்தது. மாதர் சங்கங்கள் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற இச்சட்டம் எம்மதத்தாருக்கும் பொது. 2012இல் திருத்தப்பட்டபோது, உடம்பில் தழும்பு விடாத மனச் சித்திரவதையும் குற்றத்துக்குள் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால், போலீஸ் புகார் இல்லாமலே சமூக நல அதிகாரி ஏழு நாள் செல்லக்கூடிய அவசரப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். ‘நமக்கேன் வம்பு’ என்போர் குறிப்பாகப் படிக்க வேண்டியது 18ஆம் பிரிவு. குடும்ப வன்முறை நடக்கிறதென்று நம்பக் காரணமுள்ள எவரும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது மானநஷ்ட வழக்கு முதலிய எதுவும் செல்லாது. மூன்றாம் மனிதர் தலையிடலாகாது என்ற தருமத்தைச் சட்டம் இவ்வாறு பகிரங்கமாகவே தள்ளிவிட்டது.

தலையிடுவதென்றால் கம்பெடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நிற்பதன்று. அந்த வீரத்துக்கு விலை கொடுக்கப்போகிறவள் அவள்தான். தனிமையில் அவள் சொல்வதைக் கேளுங்கள்; நம்புகிறேன் என்று சொல்லுங்கள்; கேட்டதை வேறெவரிடமும் கொண்டுபோகாதீர்கள். பத்திரங்களையும் மாற்றுச் சேலை ஒன்றையும் உங்கள் அலமாரியில் வைத்துக்கொடுங்கள். ஆபத்தில் இன்ன வார்த்தை சொன்னால், இன்ன விளக்கை ஏற்றினால், 999க்கு அழைப்பதென்று இருவரும் பேசி வையுங்கள். காயம்பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூடப் போங்கள். போலீஸ் நிலையத்தில் மலாய் பேசத் தயங்கினால் பக்கத்தில் இருந்து பேசுங்கள். எப்போது புறப்படுவதென்பதை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள். புறப்பட்டவள் மறுபடியும் அவனிடமே திரும்பிப் போகக்கூடும். ஒரு முறையன்று, பல முறையும் போகக்கூடும். “இனி என் வாசலை மிதிக்காதே” என்று அப்போது கோபிப்பவர், அவளை ஒவ்வொருவரிடமிருந்தும் பிரித்து வைக்க அவன் பாடுபடும் வேலையைக் கூலியில்லாமல் செய்து கொடுத்தவராவார்.

இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க ‘தாலியான் காசே’ என்னும் அரசாங்கத் தொலைபேசி ஒன்று உண்டு, எண் 15999. மலாயில் ‘தாலியான்’ என்றால் தொலைபேசித் தொடர்பு. கழுத்துத் தாலியோடு அது ஒலிப்பது தற்செயலே. நம் கோயில்களில் திருவிழா உபயகாரர் பெயர்களைப் பெரிய பெரிய எழுத்தில் பலகையில் எழுதி மாட்டுகிறார்கள். அவற்றில் எத்தனை பலகைகளின் கீழே இந்த ஐந்து இலக்கங்களுக்கு இடம் விட்டிருக்கின்றது? கமிட்டியார் பதில் சொல்லட்டும்.